கோயமுத்தூர்ல கருவிழி மாத்துன ஆபரேஷன்: ஒன்றரை வருசம் கழிச்சு எழுதற ரிவியூ

கட்டுப் பிரிச்ச அன்னைக்கே கவுன்டர்ல ஒரு பொண்ணு போனை நீட்டி அஞ்சு ஸ்டார் போடுங்கன்னு கேட்டுச்சு. நான் போடல. இந்த ஆபரேஷன்ல அன்னைக்கு ஒன்னுமே தெரியாதுங்க. இப்ப எழுதறேன், திட்டவும் போறதால ஆஸ்பத்திரி பேர் போடல.

எங்கப்பாவுக்கு 61 வயசு, கோபி பக்கம் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்துல கரும்பு. சோகை உரிக்கறப்ப வலது கண்ணுல சுருக்குனு அடிச்சுருச்சு. ஆத்தா வெளக்கெண்ணெய் விட்டாங்க, இவரு மெடிக்கல்ல ஏதோ சொட்டு மருந்து வாங்கி ஊத்திக்கிட்டு ஒரு வாரம் தோட்டத்துக்கே போயிட்டிருந்தாரு. அது ஸ்டீராய்டு, கண்ணுல ஏறிருந்தது பூஞ்சைன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. பூஞ்சை ஏறுன கண்ணுக்கு ஸ்டீராய்டு ஊத்தறது களைக்கு யூரியா போடற கதை. அப்புறம் ராத்திரி பகல்னு பாக்காம மணிக்கொருக்கா நட்டாமைசின்ங்கற பூஞ்சை மருந்து விட்டு புண்ணு ஆறுச்சு, ஆனா பூ விழுந்துருச்சு. கை ஆட்டுனா தெரியும், ஆள் தெரியாது.

கண்ணு நல்லா அடங்கட்டும்னு சில மாசம் காக்க வெச்சாங்க. ஒரு நாள் ஒரம்பரை வீட்டுக் கல்யாணத்துல சீரு நடந்துட்டிருக்கு, பொழுதோட போன், "தானமாக் கண்ணு வந்திருக்குங்க, காலைல நேரமே வாங்க"ன்னு. அப்படியே சத்தி, புளியம்பட்டி, அன்னூர்னு பஸ் புடிச்சு ஓடுனோம்.

நல்லதை மொதல்ல சொல்லீர்றேன். கவுன்சிலிங்ல இருந்த அக்கா பிளாஸ்டிக் கண்ணை வெச்சு அவ்வளவு பொறுமையா வெளக்குனாங்க. முழுக் கண்ணையும் மாத்தறதில்ல, முன்னாடி கண்ணாடி மாதிரி இருக்கற, கருவிழிங்கற அரை மில்லிமீட்டர் படலம் மட்டும்தான், சில பேருக்கு அதுலயும் உள்ளடுக்கு மட்டும் மாத்துனாலே போதும், அப்பாவுக்குத் தழும்பு ஆழமா இருக்கறதால முழுப் படலத்தையும் மாத்தோணும்னு. எங்கப்பாவுக்கு ஒரே சந்தேகம், யாரு குடுத்ததுன்னு. அந்த வூட்டுக்கு ஒரு தார் பூவன் பழம் குடுத்து விடலாம்னு நின்னாரு. சொல்ல மாட்டோம்ங்க, குடுத்தவங்க வூட்டுக்கும் சொல்லறதில்லன்னுட்டாங்க. கண்ணுக்குன்னு காசும் வாங்கறதில்ல, எடுத்துப் பதப்படுத்தி டெஸ்ட் பண்ற செலவுக்கு பில்லுல தனி வரி இருந்துச்சு, அவ்வளவுதான்.

டாக்டர் கைக்கு நான் கொறையே சொல்ல மாட்டேன். முடியை விட மெல்லிசான நூல்ல 16 தையல், மைக்ராஸ்கோப்புல பாத்துப் போட்டது. மறு நாள் கட்டுப் பிரிச்சப்ப அப்பா "மார்கழிப் பனி மாதிரி இருக்குது கண்ணு"ன்னாரு, எனக்கு வெசனமாப் போச்சு. டாக்டர் சிரிச்சுக்கிட்டே, கருவிழிக்கு ரத்தக் குழாயே கெடையாது, அதனால ஆறறதுக்கு வருசக் கணக்காகும்னாரு.

கோளாறே டிஸ்சார்ஜுலதான். நாலு பாட்டில், இங்கிலீஷ்ல ஒரு சீட்டு, அதோட தாட்டி விட்டுட்டாங்க. பால் கலர்ல இருக்கற ஸ்டீராய்டு சொட்டுல மருந்து அடியில தங்கிரும், நல்லாக் குலுக்கிட்டுத்தான் விடோணும், ஒரு சொட்டுக்கும் அடுத்ததுக்கும் அஞ்சு நிமிசமாவது கேப் வேணும். இது எங்களுக்கு ஒரு மாசங் கழிச்சு செக்கப்புக்குப் போனப்ப ஒரு சின்ன டாக்டரம்மா கேட்டப்பத்தான் தெரியும். அது வரைக்கும் வெறும் தண்ணியைத்தான் ஊத்திருக்கோம் போல. பூஞ்சைக்கு ஆகாத ஸ்டீராய்டேதான் இப்ப புதுக் கருவிழியை உடம்பு ஒதுக்காமக் காக்குதாம், இதையும் அவங்கதான் சொன்னாங்க. அப்பவே ஒன்னு அழுத்திச் சொல்லிவிட்டாங்க, கண்ணு செவக்கறது, வெளிச்சம் கூசறது, பார்வை மங்கறது, வலி, இதுல எது வந்தாலும் அன்னைக்கே ஓடி வாங்கன்னு.

ஏழாவது மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை கண்ணு செவந்துருச்சு, வாசல் வெளிச்சம் பாக்க முடியல. சீட்டுல இருந்த நம்பருக்குப் போன் பண்ணுனா ரிசப்ஷன்ல "செவ்வாக்கெழமை அப்பாயின்ட்மென்ட் போடட்டுங்களா"ன்னு கேக்கறாங்க. அந்த டாக்டரம்மா சொன்னது மட்டும் ஞாபகத்துல இல்லைன்னா செவ்வாக்கெழமைதான் போயிருப்போம். காரைப் புடிச்சு நேரா எமர்ஜென்சிக்குப் போனோம், ரிஜெக்ஷன், அதாவது உடம்பு புதுக் கருவிழியை ஒதுக்கறது, ஆரம்பிச்சிருக்குன்னாங்க. மணிக்கொருக்கா ஸ்டீராய்டு விட்டு ரெண்டு வாரத்துல தெளிஞ்சுது. போன் எடுக்கறவங்களுக்கு இந்த நாலு அறிகுறியைச் சொல்லிக் குடுக்க எவ்வளவு நேரமாகும்? கம்ப்ளைன்ட் எழுதிக் குடுத்தேன், இன்னும் பதில் வரல.

காத்திருக்கற அக்கப்போரு தனி. ஒம்போது மணிக்குன்னு டோக்கன், டாக்டரைப் பாக்க ரெண்டு மணி. ஸ்டீராய்டுல கண்ணுக்குள்ள பிரஷர் ஏறுமாம், அதனால ஒவ்வொரு தடவையும் அதுக்கும் ஒரு வரிசை. சாப்பாட்டுக்குப் போசியில புளிசோறு கட்டிட்டுப் போயிருங்க, கேன்டீன் தோசை வாயில வெக்க முடியாது. பில்லை விட சொட்டு மருந்துக்கும் போக்குவரத்துக்கும்தான் காசு கரையுது, அதையும் கணக்குல வெச்சுக்கங்க.

வூட்டுல நோயாளியக் கட்டி மேய்க்கறது அதை விடப் பெரிய சோலி. குனியக் கூடாது, வெயிட்டு தூக்கக் கூடாது, தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாது, ராத்திரி கண்ணு மேல மூடி போட்டுத்தான் படுக்கோணும். மனுசன் மூணாவது வாரமே மம்பட்டியத் தூக்கிட்டு மடை திருப்பக் கெளம்பிட்டாரு, அம்மா வெளிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டாங்க.

வருசம் முடிஞ்சதுக்கப்புறம் மிச்சத் தையல் எடுத்து, கருவிழி கோணலைச் சரி பண்ற சிலிண்டர் பவர்ல கண்ணாடி குடுத்தாங்க. போன வாரம் காந்திபுரத்துல நான் போனை நோண்டிட்டிருக்கறப்ப அப்பாதான் "அதா சத்தி பஸ்சு, ஏறு"ன்னாரு.

ஆபரேஷனுக்கு அஞ்சு, கவுன்சிலிங்க்கு அஞ்சு, டிஸ்சார்ஜுக்கு ஒன்னரை, போன் நம்பருக்கு சைபர்.