வாலா, சட்டையா, மூணு சக்கரமா, முழு முட்டையா?

ரிகம்பன்ட், அதாவது சாஞ்சு படுத்துக்கிட்டு மிதிக்கிற சைக்கிள், ஓட்ட ஆரம்பிச்ச யாருக்கும் ரெண்டு மூணு மாசத்துல ஒரு அரிப்பு வந்துடும், இதுக்கு மேல காத்தை வழுக்கி விடற மாதிரி ஒரு ஓடு போட்டா எவ்ளோ வேகம் போகும்னு. அரிப்புக்குக் காரணம் இருக்கு. ஃபிலிப்போ கன்னா 2022ல சாதாரண ட்ராக் சைக்கிள்ல ஒரு மணி நேரத்துல போன தூரம் 56.792 கிலோமீட்டர். ஃப்ரான்செஸ்கோ ருஸ்ஸோ 2016ல முழுசா மூடின ரிகம்பன்ட்ல அதே ஒரு மணி நேரத்துல போனது 92.432. கால் பலத்துல கன்னாவை மிஞ்ச ஆள் இல்ல, அப்புறம் எங்கேருந்து வந்துச்சு இந்த 35 கிலோமீட்டர்? எல்லாம் காத்துல மிச்சம் பிடிச்சது தான்.

ஆனா இந்த ஓட்டுக்கு ஃபேரிங்னு ஒத்த வார்த்தைல பேர் சொல்லிட்டாலும் அதுல நாலு ரகம் இருக்கு, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத வண்டிங்க. சீட்டுக்குப் பின்னாடி மட்டும் வால் வெக்கிறது ஒண்ணு. முன்னாடி ஒரு கண்ணாடி வெச்சு அதுலேருந்து பின்னாடி வரைக்கும் லைக்ரா துணி இழுத்துக் கட்டுறது ரெண்டு. மூணு சக்கரத்துல கெட்டியான உடம்பு போட்ட வெலோமொபைல் மூணு. ரெண்டு சக்கரத்துல தலையோட சேத்து முழுசா மூடின முட்டை நாலு. இதுல மூணு நானே செஞ்சு பாத்துட்டேன், வெலோமொபைல் மட்டும் இரவல் வாங்கி ஒரு சீசன் ஓட்டினது.

முதல்ல கணக்கு. காத்தைக் கிழிக்க வேண்டிய பவர் வேகத்தோட மும்மடில ஏறும், வேகம் ரெண்டு மடங்குன்னா பவர் எட்டு மடங்கு. வண்டிக்கு வண்டி மாறுறது இழுவைப் பரப்புன்னு ஒரு எண்ணு, முன்னாடி நின்னு பாத்தா தெரியற அளவையும் வடிவம் எவ்ளோ மோசம்ங்கறதையும் பெருக்கினது, சதுர மீட்டர்ல வரும். 200 வாட் மிதிக்கிற ஆளு, சமதளம், காத்தில்லாத நாள், சுமாரான டயர், செயின்ல கொஞ்சம் நஷ்டம்னு போட்டு நான் பண்ணின தோராயக் கணக்கு இது: சாதாரண சைக்கிள் 0.32ன்னு வெச்சா 33 கிலோமீட்டர் வேகம், ஓடு போடாத மொட்டை ரிகம்பன்ட் 0.22க்கு 37, வால் வெச்சு 0.18 ஆக்கினா 39, லைக்ரா சட்டை போட்டு 0.13க்கு வந்தா 43, வெலோமொபைல் 0.06க்கு 52, முட்டை 0.02க்கு 70. ஒரே கால் தான், 33லேருந்து 70.

இந்த வரிசையைப் பாத்துட்டு உடனே கடைசிக்கு தாவணும்னு தோணும், எனக்கும் தோணுச்சு. இந்த எண்ணுங்கள்லாம் வண்டி ஓடிக்கிட்டு இருக்கறப்ப தான் உண்மை, கிளம்பறதையும் நிக்கறதையும் எதுலயும் சேக்கல, என் கேள்வி எல்லாமே அங்க தான் வந்து நின்னுச்சு.

வால்லேருந்து வரேன். நிறைய பேர் முன்னாடி மூக்கு தான் கூரா இருக்கணும்னு நினைக்கிறாங்க, பாதி உண்மை கூட இல்ல. காத்து முன்னாடி பிரியறது பெரிய பிரச்சினை இல்ல, பின்னாடி மறுபடி ஒண்ணு சேர முடியாம சுழிச்சுக்கிட்டு உங்களைப் பின்னாடி இழுக்கறது தான் பிரச்சினை. தோள், தலை, சீட்டு மூணுக்கும் பின்னாடி ஒரு குழி மாதிரி இருக்கு, அதை மெதுவா சரியற மாதிரி நிரப்பினா போதும். ஒரு பக்கத்துக்கு 12 டிகிரிக்கு மேல சரிச்சா காத்து ஒட்டாது, பிச்சுக்கிட்டு போயிடும், அப்ப வால் வெச்சும் வெக்காத கதை தான். நீளம் வெக்க இடமில்லன்னா அதே சரிவுல கொண்டு போயி பாதில வெட்டி விடுங்க, அவசரப்பட்டு கூராக்கறதை விட அது நல்லது. செய்யறது சுலபம், ரெண்டு வார இறுதி போதும், உள்ள டியூப், பம்ப், ரெயின்கோட் எல்லாம் வெக்க இடமும் கிடைக்கும். சிக்னல்ல கால் ஊனலாம், வெயில் அடிச்சா காத்து வரும், விழுந்தா எழுந்துக்கலாம். வேகம்னு பாத்தா ரெண்டு கிலோமீட்டர் தான், ஆனா அந்த ரெண்டு தினமும் கிடைக்குது. லோரேசர் மாதிரி நல்லா சாஞ்சு கிடக்குற வண்டிக்கு இது இன்னும் பொருந்தும், ஏன்னா அதுல முன்பக்கம் ஏற்கனவே சின்னது.

லைக்ரா சட்டை விஷயத்துல எனக்கு நல்ல அபிப்ராயம் இல்ல, முதல்லயே சொல்லிடறேன். நீளமான வண்டிக்கு, அதாவது பெடல் முன்சக்கரத்துக்குப் பின்னாடி இருக்கற மாடலுக்கு, முன்னாடி வளைஞ்ச பாலிகார்பனேட் கண்ணாடியும் பின்னாடி வளையமும் வெச்சு நடுவுல துணி மாட்டுறது அழகா உக்காரும், எடையும் கம்மி. ஆனா துணி காத்துல படபடன்னு அடிக்க ஆரம்பிச்சா போச்சு, எவ்ளோ இழுத்துக் கட்டினாலும் முட்டி வந்து தட்டுற இடத்துல குழி விழும். ஜிப்பு போட்டு ஏறி இறங்கணும், மழைல நனைஞ்சா கனக்கும். குளிர் நாள்ல சுகம், அதை மறுக்கல. குட்டை வண்டிக்கு வேண்டாம், காலு முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கறதுல துணி எங்க புடிக்கும்னே தெரியாது.

வெலோமொபைல் தான் யோசிக்க வேண்டிய ஆளு. குவெஸ்ட், மிலன் மாதிரி வண்டிங்களைப் பாத்திருப்பீங்க, முன்னாடி ரெண்டு சக்கரம் பின்னாடி ஒண்ணு, தலை மட்டும் வெளிய. 2010ல கிறிஸ்டியான் ஃபான் ஆஷெபெர்க் ஒரு மிலன் எஸ்எல்ல 24 மணி நேரத்துல 1,219 கிலோமீட்டர் போனாரு, நாள் முழுக்க சராசரி 50க்கு மேல, இது மாதிரி நீண்ட ஓட்டத்துக்கு தான் இந்த ரகம் பொறந்ததே. எடை 20லேருந்து 35 கிலோ வரைக்கும் இருக்கும், அதனால ஏத்தத்துல அழ வெக்கும், ஒவ்வொரு தடவை நின்னு கிளம்பறப்பவும் காலு கேக்கும். ஆனா நிக்கறப்ப அது பாட்டுக்கு நிக்குது, ஒருத்தரும் புடிக்க வேண்டாம்.

இதுல ஒரு வேடிக்கை கவனிச்சீங்களா, 40 கிலோமீட்டர் வேகத்துல மொட்டை ரிகம்பன்ட் காத்துக்கு மட்டும் 180 வாட் குடிக்குது, வெலோமொபைல் 50 வாட் கிட்ட தான் குடிக்குது, அதே வேகத்துல சுமாரான டயர் உருளறதுக்கு 60 வாட் போகுது. காத்தை அடக்கினதும் டயர் தான் பெரிய எதிரி ஆயிடுது. வெலோமொபைல்காரங்க பேச ஆரம்பிச்சா டயரைப் பத்தியே பேசிட்டு இருப்பாங்க, கிண்டல் பண்ணியிருக்கேன், ஓட்டின அப்புறம் வாயை மூடிக்கிட்டேன். இரவல் வண்டில கெட்டியான பஞ்சர் ப்ரூஃப் டயரைக் கழட்டிட்டு மெல்லிசான ரேஸ் டயர் போட்ட அன்னிக்கு வேற வண்டி மாதிரி இருந்துச்சு, ஓட்டுல ஒரு மாத்தமும் பண்ணல.

சக்கரம் உள்ளயா வெளியவான்னு இந்த ரகத்துக்குள்ளயே ஒரு சண்டை உண்டு. குவெஸ்ட்ல முன்சக்கரம் உடம்புக்குள்ள இருக்கு, ஸ்ட்ராடால வெளிய. உள்ள வெச்சா வேகம், ஆனா ஸ்டியரிங் அதிகம் திரும்பாது, ஒரு சாதாரண ரோட்டுல யு டர்ன் அடிக்க முன்ன பின்ன தள்ளணும், அடிப்பக்க ஓட்டை வழியா காலால தரையைத் தள்ளி ரிவர்ஸ் எடுக்கறது ஒரு கலை. வெளிய வெச்சா சுலபமா திரும்பும், பஞ்சர் ஒட்ட வசதி, வேகம் குறையும். மூணு சக்கரம்னா கவுறவே கவுறாதுன்னும் நினைக்காதீங்க, வளைவுல வேகமா போனா உள்பக்க சக்கரம் தூக்கும், சாதாரண சைக்கிள் மாதிரி சாயற வசதி இல்லல்ல.

இப்ப முட்டை. மனசு கேக்கறது இதைத் தான். அமெரிக்கால நெவாடா மாநிலத்துல பேட்டில் மவுன்டன்னு ஒரு ஊர், அதுக்குப் பக்கத்துல ஸ்டேட் ரூட் 305ன்னு கிட்டத்தட்ட நேர் ரோடு, கடல் மட்டத்துலேருந்து 1,400 மீட்டர் உயரம்ங்கறதால காத்து கொஞ்சம் லேசு. 2000லேருந்து அங்க தான் வேகப் போட்டி. பல கிலோமீட்டர் ஓடி வேகம் ஏத்தி கடைசி 200 மீட்டர்ல அளப்பாங்க. டாட் ரைக்கெர்ட் 2016ல ஏரோவெலோ குழுவோட ஈட்டாங்கற வண்டில போனது மணிக்கு 144.17 கிலோமீட்டர். பெண்கள்ல இலோனா பெல்ட்டியே 2019ல 126.52. மோட்டார் இல்ல, சரிவும் கிட்டத்தட்ட இல்ல, காலு மட்டும்.

ஆனா அந்த வீடியோக்கள்ல வண்டி பறக்கறதை மட்டும் பாக்காதீங்க, அதுக்கு முன்னயும் பின்னயும் பாருங்க. ஆளை உள்ள படுக்க வெச்சு மூடியைப் போட்டு இடுக்கெல்லாம் டேப்பு ஒட்டுவாங்க, ரெண்டு பேர் புடிச்சு தள்ளி விடுவாங்க, கடைசில ஓடி வந்து புடிப்பாங்க. புடிக்க ஆள் இல்லன்னா விழறது ஒண்ணு தான் வழி. நான் கோரோபிளாஸ்ட்ல செஞ்ச முட்டைக்கு காலு ஊன அடில ரெண்டு கதவு வெச்சிருந்தேன், பெரிய புத்திசாலித்தனம்னு நினைச்சு. ஒரு நாள் தனியா போயி நிறுத்தறப்ப வலது கதவு திறந்துச்சு இடது கதவு கேபிள் டைல மாட்டிக்கிச்சு, வண்டி இடது பக்கமா அப்படியே ஆடி அசைஞ்சு சாஞ்சுது, நான் உள்ள கவுந்த கரப்பான் மாதிரி கிடந்தேன். மூடி வேற அந்தப் பக்கமா தான் திறக்கும். அடி ஒண்ணும் இல்ல, ஆனா ஒரு ஆள் வந்து தூக்கி விடற வரைக்கும் இருபது நிமிஷம் உள்ளயே. அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் திறக்கற மாதிரி மாத்திட்டேன். முட்டை செய்யறவங்களுக்கு என்னோட முதல் பேச்சு இது தான், உள்ளேருந்து, தலைகீழா கிடந்தாலும், ஒத்தக் கைல திறக்க வரணும்.

பக்கக் காத்து அடுத்த விஷயம். மூடின ரெண்டு சக்கர வண்டி ஒரு பாய்மரம் மாதிரி. காத்து தள்ளுற புள்ளி வண்டியோட எடை மையத்துக்கு ரொம்ப முன்னாடி விழுந்தா மூக்கு காத்தோட போகும், சரி பண்றதுக்குள்ள அடுத்த லேன்ல இருப்பீங்க. லாரி ஒண்ணு தாண்டிப் போறப்ப வர்ற அடிக்கு என் நெஞ்சு நின்னு போயிருக்கு. மூணு சக்கரத்துலயும் இழுக்கும், ஆனா கவுத்து விடாது.

அப்புறம் சூடு. மனுஷ உடம்பு 250 வாட் மிதிக்கறப்ப அதோட மூணு மடங்கு சூடா வெளிய வருது, முட்டைக்குள்ள ஒரு சின்ன ஹீட்டரோட படுத்திருக்கற மாதிரி. மூக்குல ஒரு ஓட்டை போட்டு காத்தை முகத்துக்குக் கொண்டு வரணும், வெளிய போகவும் பின்னாடி வழி வேணும், இல்லன்னா கண்ணாடி பனி புடிச்சு ஒண்ணும் தெரியாது. ஈட்டால கண்ணாடியே கிடையாது, கேமரா வெச்சு ஸ்க்ரீன் பாத்து ஓட்டினாங்க, ஓட்டு மேல கண்ணாடிக் குமிழ் இல்லாததால காத்து வழுக்கிட்டு போகும். போக்குவரத்தை மூடின ரோட்டுல சரி. பொது ரோட்டுல கேமரா ஆஃப் ஆனா என்ன பண்றதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க, எனக்கு வேண்டாம்.

எதுல செய்யறதுங்கறதை சுருக்கமா சொல்றேன். கோரோபிளாஸ்ட்ங்கறது போர்டு எழுதற அந்த வரி வரியான பிளாஸ்டிக் அட்டை. மலிவு, கத்தி இருந்தா போதும், விழுந்தா வளையும் உடையாது. ஆனா ஒரே திசைல தான் வளையும், பசை ஒட்டாது, அதனால மூலை மூலையா வண்டி அமையும், ஒவ்வொரு மூலைலயும் காத்து பிச்சுக்கும். முதல் ஓடு இதுல தான் செய்யணும், ஏன்னா முதல் ஓட்டோட அளவு நிச்சயம் தப்பா தான் இருக்கும். ஃபைபர் கிளாஸ்னா தெர்மோகோல்ல உருவம் செதுக்கி, தேச்சு, தேச்சு, இன்னும் தேச்சு, மேல துணியும் எபாக்ஸியும் போடணும். பாலியஸ்டர் ரெசின் தெர்மோகோலைக் கரைச்சுடும், அந்தப் பாடத்தை நான் ராத்திரி பதினோரு மணிக்குப் படிச்சேன். கார்பன் லேசு, விறைப்பு, ஆனா உடைஞ்சா கூரா சில்லு சில்லா வரும், அதனால உள்பக்கம் ஒரு அடுக்கு கெவ்லார் போடறாங்க. கத்துக்கற வரைக்கும் கார்பனைத் தொடாதீங்க, காசு தான் வீண்.

ஓட்டுக்கு அளவு எடுக்கறதுக்கு முன்னாடி க்ராங்கை, அதாவது பெடல் மாட்டியிருக்கற தண்டை, மாத்துங்க. 170 மில்லிமீட்டர் க்ராங்க்ல குதிகாலும் முட்டியும் போடற வட்டம் பெருசு, 150க்கு வந்தா மூக்கு அந்த அளவுக்கு சின்னதாகும். நான் ஓடு செஞ்ச அப்புறம் தான் க்ராங்க் மாத்தினேன், அதனால என் முட்டைக்கு தேவையில்லாத ஒரு பெரிய மூக்கு.

என்கிட்ட யாராவது கேட்டா, இப்ப ரிகம்பன்ட் மட்டும் இருக்கறவருக்கு வால், தனியா தூரம் போகணும்னா வெலோமொபைல், ரெண்டு நம்பிக்கையான ஆளும் மூடின ட்ராக்கும் இருந்தா முட்டை. சட்டை யாருக்கும் இல்ல, குளிர்ல நடுங்கறவரைத் தவிர. 1933ல ஃப்ரான்சிஸ் ஃபோர் வெலோகார்ங்கற மொட்டை ரிகம்பன்ட்ல ஒரு மணி நேரத்துல 45.055 கிலோமீட்டர் போனாரு, அடுத்த வருஷமே சர்வதேச சைக்கிள் சங்கம் படுத்து ஓட்டுற வண்டியை ரெக்கார்ட் கணக்குலேருந்து தள்ளி வெச்சுது, ஆனாலும் மனுஷன் விடல, 1939ல ஓடு போட்டு 50.537 போனாரு. ஓட்டுக்கு ஆசைப்படறது நம்மளோட ஆரம்பிச்சதில்ல.

என் முட்டை இப்ப சுவத்துல கயித்துல தொங்குது. புடிக்க ரெண்டு பேர் சிக்கின ஞாயித்துக்கிழமை மட்டும் இறக்குவேன், போன வருஷம் மொத்தமா ஆறு தடவை. வால் வெச்ச வண்டி வாசல்லயே நிக்குது, டயர் தேஞ்சு போச்சு, இந்த வாரம் மாத்தணும்.