வெயிலுக்கு ஒரு மானியம், விறகுக்கு ஒரு மானியம்

சூரியத் தகடு, காற்றாலை, சாண எரிவாயுக் கலன், மரக்கட்டையை எரிக்கும் அனல்மின் நிலையம் என எல்லாமே அரசுகளின் பட்டியலில் 'புதுப்பிக்கத்தக்க எரிசக்தி' என்ற ஒரே தலைப்பில்தான் வருகின்றன. தலைப்பு ஒன்று என்பதால் மானியமும் ஒரே மாதிரி இருக்கலாம் என்று பல அரசுகள் நினைத்தன. ஆனால் இவற்றின் வரவு செலவுக் கணக்கு வேறு. சூரிய மின்சாரத்துக்கும் காற்றாலைக்கும் பெருஞ்செலவு கட்டும்போதே முடிந்துவிடும். அப்புறம் வெயிலும் காற்றும் இலவசம். மரம், பயிர், சாணம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் உயிரி எரிசக்தியில் எரிபொருளைக் காலம் முழுக்க வாங்கியாக வேண்டும். விறகுக்கும் வைக்கோலுக்கும் விலை உண்டு, வண்டி வாடகையும் உண்டு.

இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதை ஜெர்மனியில் பார்க்கலாம். 2000இல் வந்த சட்டம், உற்பத்தியாகும் மின்சாரத்தை 20 ஆண்டுகளுக்கு நிலையான விலையில் வாங்கிக்கொள்வதாக உறுதி சொன்னது. அந்த உறுதியை நம்பி ஏராளமானோர் சூரியத் தகடு வாங்கினார்கள். தேவை கூடியதும் உலகெங்கும் தொழிற்சாலைகள் பெருகின. 2010களில் மட்டும் தகட்டின் விலை ஏறத்தாழ 90 சதவீதம் சரிந்தது. புதிதாக வருவோருக்கான கொள்முதல் விலையை அரசும் படிப்படியாகக் குறைத்தது. 2017இல் பெரிய திட்டங்களை, குறைந்த விலை கேட்பவருக்கே ஒப்பந்தம் என்ற ஏலத்துக்கு மாற்றியது.

அதே சட்டத்தில் உயிரி எரிவாயுவின் கதை வேறு மாதிரி போனது. எரிவாயுவுக்கென்றே வளர்த்த பயிரைக் கலனில் போட்டு மின்சாரம் எடுப்போருக்கு 2004இல் கூடுதல் ஊக்கத்தொகை கிடைத்தது. உடனே மக்காச்சோளம் வயல் வயலாகப் பரவியது. நிலத்தின் குத்தகையும் ஏறியது. 2012இல், புதிய கலன்களில் மக்காச்சோளமும் தானியமும் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு போட்டார்கள். 2014இல் அந்த ஊக்கத்தொகையே புதியவர்களுக்கு நின்றுபோனது. செலவு மட்டும் தகட்டைப் போல இறங்கவில்லை. எப்படி இறங்கும்? தொழிற்சாலையில் செய்யும் பொருள் செய்யச் செய்ய மலிவாகும். வயலில் விளைவது சந்தை விலைக்குத்தானே கிடைக்கும்? போதாததற்கு, செடி தன்மேல் விழும் வெயிலில் ஒரு சதவீதம் அளவுக்குத்தான் சேமிக்கிறது. தகடு 20 சதவீதத்தை மின்சாரமாக்குகிறது.

பிரிட்டனின் எண்கள் இன்னும் பளிச்சென்று தெரியும். அங்கே சந்தை விலைக்கும் ஒப்பந்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தை ஈடுகட்டும் முறை. 2015 ஏலத்தில் கடல் காற்றாலைக்கு ஒரு மெகாவாட்-மணி (ஆயிரம் யூனிட்) மின்சாரத்துக்கு 114 முதல் 120 பவுண்டு வரை போனது, 2022இல் 37.35 பவுண்டு (இரண்டும் 2012ஆம் ஆண்டு விலைமதிப்பில்). நிலக்கரியிலிருந்து மரத்துகளுக்கு மாறிய டிராக்ஸ் மின் நிலையத்தின் ஓர் அலகுக்கு அதே மதிப்பில் 100 பவுண்டு என்று ஒப்பந்தம். 2027 வரை அதேதான். அதற்காக ஏலத்தை மந்திரக்கோலாக நினைத்துவிடக் கூடாது. 2023இல் அரசு வைத்த உச்ச விலை வரம்பு கட்டுப்படியாகாமல் கடல் காற்றாலைக்கு ஒருவர்கூட ஏலம் கேட்கவில்லை.

மானியம் தலைகீழாகப் போனதற்கு வட அயர்லாந்தை மிஞ்ச ஆளில்லை. மரத்துகளை எரிக்கும் கொதிகலன்களுக்கு மானியம் தர 2012இல் தொடங்கிய வெப்பத் திட்டத்தில், மரத்துகளின் விலையைவிட அதை எரித்தால் கிடைக்கும் மானியம் அதிகம். பிரிட்டனின் மற்ற பகுதிகளில் ஒரு அளவுக்கு மேல் எரித்தால் மானியம் குறையும். இங்கே அந்த விதியையே விட்டுவிட்டார்கள். எரிக்க எரிக்கக் காசு என்றால் கொதிகலனை யார் அணைப்பார்கள்? 'சாம்பலுக்குக் காசு' என்று பெயர் வாங்கிய அந்தத் திட்டத்தால் 2017 ஜனவரியில் துணை முதலமைச்சர் மார்ட்டின் மெக்கின்னஸ் பதவி விலக, கூட்டணி ஆட்சியே கவிழ்ந்தது.

அமெரிக்கா வரிச்சலுகையோடு கட்டாயமும் போட்டது. வைக்கோல், மரக்கழிவு போன்றவற்றின் நாரிலிருந்து எடுக்கும் உயிரி எரிபொருளை 2010இல் வாகன எரிபொருளில் 10 கோடி கேலன் கலக்க வேண்டும் என்றது சட்டம். அவ்வளவு சரக்கே இல்லாததால் இலக்கை 65 லட்சம் கேலனாகச் சுருக்கினார்கள். சோள எத்தனால் மட்டும் அமோகமாக வளர்ந்தது.

சரி, உயிரி எரிசக்திக்கு மானியமே வேண்டாமா? என் கணக்கில் இரண்டு இடத்தில் வேண்டும். ஒன்று கழிவு. திறந்த குட்டையில் கிடக்கும் சாணக் கரைசல் மீத்தேனை வெளிவிடுகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட சுமார் 28 மடங்கு வெப்பமூட்டும். அதை மூடிப் பிடித்து எரிப்பதற்குக் கொடுக்கும் பணத்தை மின்சார மானியம் என்று சொல்வதைவிடத் துப்புரவுக் கூலி என்று சொல்வதே பொருத்தம். இன்னொன்று நேரம். ஜெர்மனி 2012இல் கொண்டுவந்த நெகிழ்வு ஊக்கத்தொகை, கூடுதல் ஜெனரேட்டர் வைத்து, வாயுவைச் சேர்த்து வைத்துத் தேவைப்படும் நேரத்தில் மட்டும் ஓட்டுவோருக்குப் பணம் தந்தது. எத்தனை யூனிட் என்று எண்ணாமல், தயாராக நிற்பதற்குக் கொடுத்த காசு அது. சில மணி நேரத் தட்டுப்பாட்டை இப்போது பேட்டரியே பார்த்துக்கொள்கிறது. மேகம் மூடி, காற்றும் நின்றுபோகும் குளிர்கால வாரங்களில்தான் சேர்த்து வைத்த அந்த வாயுவுக்கு வேலை.