எஸ்பிளனேட் பூங்கா: ஐஎன்ஏ (இந்திய தேசிய ராணுவம்) நினைவிடம் தேடிப் போகிறவர்களுக்கு

ஊரிலிருந்து வந்த பெரியப்பா சிங்கப்பூரில் இறங்கிய அன்றே சொல்லிவிட்டார்: "செந்தோசா எல்லாம் அப்புறம். நேதாஜி கட்டின ஐஎன்ஏ தூண் எங்கேடா இருக்கு? அதை முதல்ல காட்டு." முப்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவரிடம் மறுத்துப் பேச முடியுமா? சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கூட்டிப் போனேன். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தது முழுக்க என் தப்பு. சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து பாடாங் திடலைச் சுற்றி நடப்பதற்குள் தண்ணீர் பாட்டில் காலி.

தூண் இல்லை. முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள், ஏமாற மாட்டீர்கள். நேதாஜி 1945 ஜூலை 8 அன்று அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் மவுண்ட்பேட்டன் உத்தரவுப்படி அதை இடித்துத் தள்ளிவிட்டார்கள். அதில் இத்தேஃபாக், இத்மாத், குர்பானி என்று பொறித்திருந்தார்களாம்: ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம். இப்போது இருப்பது, 1995இல் அந்த இடத்தை அடையாளம் காட்ட வைத்த நினைவுப் பலகை மட்டும்தான். நாங்கள் அண்ணாந்து தூணைத் தேடிக்கொண்டே இரண்டு முறை அதைக் கடந்து போனோம்.

"இவ்வளவுதானா?" என்றார் பெரியப்பா. எனக்கே சங்கடமாகிவிட்டது.

ஆனால் அங்கேயே திரும்பிவிடாதீர்கள். பக்கத்திலேயே செனடாஃப் என்ற போர் நினைவுச்சின்னம் நிற்கிறது. முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்காக 1922இல் பிரிட்டிஷார் திறந்தது. இன்னும் கொஞ்சம் நடந்தால் லிம் போ செங் நினைவுச்சின்னம். எட்டுப் பட்டை கோபுரம், காவலுக்கு நான்கு வெண்கலச் சிங்கங்கள். அவர் ஜப்பானியரை எதிர்த்து, பிரிட்டிஷாருடன் சேர்ந்து ஃபோர்ஸ் 136 என்ற ரகசியப் படையில் வேலை செய்தவர். பிடிபட்டு 1944இல் சிறையிலேயே இறந்தார். ஐஎன்ஏவோ ஜப்பானியர் துணையோடு பிரிட்டிஷாரை எதிர்த்த படை. நேர் எதிரெதிர் அணிகள், ஒரே புல்வெளி! இந்தப் பூங்காவுக்கு நான் மதிப்பெண் போடுவது இதற்காகத்தான். லிம் போ செங் சின்னத்தில் தமிழிலும் பலகை உண்டு. பெரியப்பா அதை வகுப்பில் பாடம் வாசிக்கிற குரலில் உரக்கப் படித்தார். ஓரமாக உட்கார்ந்திருந்த சீனத் தாத்தா ஒருவர், பெரியப்பா படித்து முடிக்கும்வரை பார்த்துவிட்டு, தலையசைத்தார்.

டான் கிம் செங் நீரூற்றும் இருக்கிறது. அழகுதான், படம் எடுத்துக்கொள்ளலாம். அதுவும் மேலே சொன்ன இரண்டு சின்னங்களும் 2010இல் தேசிய நினைவுச்சின்னங்களாகிவிட்டன. ஐஎன்ஏ பலகைக்கு இன்னும் கொஞ்சம் விவரமாவது சேர்த்திருக்கலாம். ஐஎன்ஏவின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த மலாயாத் தோட்டப்புறத் தமிழ்ப் பெண்களைப் பற்றிப் பெரியப்பாதான் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

கட்டணம் கிடையாது. ஐந்தரை மணிக்கு மேல் போங்கள், குடை எடுத்துப் போங்கள். ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுப்பேன். கூட ஒரு வரலாற்று வாத்தியார் வந்தால் நாலரை.

கடைசியாகச் சாலையைத் தாண்டிப் பாடாங்குக்கு வந்தோம். 1943 ஜூலை 5 அன்று நேதாஜி ஐஎன்ஏ அணிவகுப்பைப் பார்வையிட்டு "டில்லி சலோ" என்று முழங்கிய திடல். வெள்ளை உடுப்பில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம் எல்லைக்கோட்டருகே நின்ற பையனிடம் ஸ்கோர் கேட்டார்.