கட்டடம் இருக்கிறது, டொக்டர்தான் பாதி

முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்புறத்தில் இருக்கும் எங்கள் ஊர் வைத்தியசாலையை வெளியே நின்று பார்ப்பவர் ஒரு குறையும் சொல்லமாட்டார். போருக்குப் பிறகு எழுந்த கட்டடம், பளிச்சென்ற தரை, வைத்தியமும் இலவசம். ஆனால் அங்கே இருக்கும் ஒரே வைத்தியர் பக்கத்து ஊர் வைத்தியசாலையையும் சேர்த்துப் பார்க்கிறார். ஆகவே எங்களுக்குக் கிடைப்பது அரை டொக்டர்.

மாமிக்கு நீரிழிவும் பிரஷரும் நெடுங்காலமாக உண்டு. நான் வாழும் லண்டனிலிருந்து ஊருக்கு வந்திருந்தபோது, கிளினிக் நாளன்று விடிய முன்னமே அவரைக் கூட்டிப் போய்விட்டேன். வரிசையில் ஆட்களைக் காணவில்லை. கிளினிக் கொப்பிகள்தான் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு பொலித்தீன் பைக்குள், பறக்காமல் மேலே ஒரு கல். உரியவர்கள் வேப்பமரத்தடியில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். “இரவே கொப்பியை வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு தம்பி” என்றார் ஒரு ஐயா, ஏதோ நான் பிந்தி வந்துவிட்டேன் என்பதுபோல. டொக்டர் வந்து சேர்ந்தபோது பதினொரு மணி தாண்டிவிட்டது. குருநாகல் பக்கத்து இளைஞர், சிங்களவர். “அம்மா, காலில் புண் இருக்கிறதா?” என்று தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் குனிந்து இரண்டு பாதங்களையும் பார்த்தார். அத்தனை கொப்பிகள் காத்திருக்கும்போது அதைச் செய்தாரே!

பிறகு பேச்சுக் கொடுத்தேன். முதல் நியமனம், இடமாற்றத்துக்குக் காத்திருக்கிறார். விடுதிக் கூரை ஒழுகுகிறது, மழைக்காலத்தில் கட்டிலை இழுத்து இழுத்துப் போட வேண்டுமாம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அரச வைத்தியர்கள் கடமை நேரத்துக்கு வெளியே தனியாக நோயாளர்களைப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்திலோ கண்டியிலோ அதில் நல்ல வருமானம். எங்கள் ஊரில் யார் காசு கொடுத்துக் காட்டுவது? 2022 நெருக்கடியில், 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களிலேயே 360ஐத் தொட்டது. அதன்பின் நூற்றுக்கணக்கான வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். லண்டனில் என்னைப் பார்க்கும் டொக்டரும் இலங்கையின் இலவசக் கல்வியில் படித்து வந்தவர்தான்.

நல்லதையும் சொல்ல வேண்டும். இந்திய உதவியோடு 2016இல் தொடங்கி 2018இல் வடக்குக்கும் வந்த, 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ், அயல்வீட்டாருக்கு நெஞ்சுவலி வந்த இரவில் கேட்டவுடன் வந்தது. நேரே மாவட்ட வைத்தியசாலைக்கே கொண்டுபோனார்கள். குடும்பநல உத்தியோகத்தர் இன்னும் ஸ்கூட்டரில் வீடு வீடாக வருகிறார். குழந்தையின் நிறை பார்த்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்து, திரிபோஷ என்ற சத்துமா கொடுத்தார்களா என்று தாயைக் கேட்கிறார். அவர் இந்த மண்ணின் பெண், அதனால் நிலைத்து நிற்கிறார் என்று நினைக்கிறேன். அவருக்கும் பக்கத்துப் பிரிவைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள் என்பது வேறு கதை.

இனி நம்மவர் கொடை. வார்டு வாசலில் புலம்பெயர்ந்தோர் பெயர் பொறித்த பளிங்குக் கல். உள்ளே நாங்கள் அனுப்பிய ஈசீஜீ இயந்திரம், வந்த பொலித்தீன் உறையோடு. அதை இயக்கப் பழகிய தாதி மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்ததாக ஸ்கேன் இயந்திரம் வாங்குவோம் என்று ஊர்ச் சங்கத்தில் பேச்சு அடிபடுகிறது. நான் டொக்டரின் விடுதிக் கூரையைத்தான் முன்மொழியப் போகிறேன். கல்லில் பெயர் போட இடமிராது, எதிர்ப்பு வரும். அதோடு மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் கூரையில் கை வைக்க முடியாதாம். அதற்கான கடிதத்தை மாமியின் பேரன் எழுதிக்கொண்டிருக்கிறான்.