ஓட்டும் வீடா, இழுக்கும் வீடா?

டாலஸுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டை விற்றுவிட்டு ஆர்.வி. என்னும் சக்கர வீட்டில் குடியேறுவது என்று முடிவாகி இரண்டு மாதம் ஆகிறது. எந்த ஆர்.வி. என்பதில்தான் பஞ்சாயத்து. என் கணவருக்குக் கிளாஸ் ஏ, அதாவது பஸ் மாதிரி இருக்கும் மோட்டார்ஹோம். எனக்கு ஃபிஃப்த் வீல், பிக்கப் டிரக்கின் பின்தொட்டியில் மாட்டி இழுக்கும் வீடு. பையனுக்குப் பத்து வயது, பெண்ணுக்கு ஆறு. கிரீன் கார்டு கையில் வந்த பிறகுதான் இந்தப் பேச்சையே எடுத்தோம். எச்-1பி விசாவில் இருப்பவர்கள் வண்டி பார்ப்பதற்கு முன்னால் வக்கீலைப் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்தே வேலை என்றாலும், விண்ணப்பத்தில் சொன்ன பகுதியைத் தாண்டி வேலையிடம் மாறினால் திருத்த மனு போட வேண்டிவரும்.

நான் ஃபிஃப்த் வீல் கட்சிக்கு மாறியது மோவாபில். யூட்டா பயணத்துக்கு ஒன்பது நாள் கிளாஸ் சி வாடகைக்கு எடுத்திருந்தோம். வேன் மூக்கும், அதன் மேல் துருத்திக்கொண்டு ஒரு படுக்கையும் உள்ள வண்டி அது. பிள்ளைகளுக்கு அந்த மேல் படுக்கைதான் சொர்க்கம். எனக்குக் காலைப் பால்தான் பிரச்சினை. பால் தீர்ந்தால் கடைக்கு வீடே கிளம்ப வேண்டும்: மின்கம்பியைக் கழற்று, தண்ணீர்க் குழாயைக் கழற்று, கழிவுக் குழாயைச் சுருட்டு, ஸ்லைடை (நிறுத்தியதும் இடத்துக்காக வெளியே தள்ளி வைக்கும் சுவர்ப் பகுதியை) உள்ளே இழு, அலமாரிக் கதவெல்லாம் பூட்டு. ஒரு நாள் ஒரே ஒரு டிராயரைப் பூட்ட மறந்தேன். முதல் வளைவில் அஞ்சறைப்பெட்டி தரையில். கடுகு ஒன்பதாம் நாள் வரை இடுக்குகளிலிருந்து வந்துகொண்டே இருந்தது. பக்கத்து இடத்தில் ஃபிஃப்த் வீலில் இருந்த தம்பதி தினமும் டிரக்கை மட்டும் எடுத்துக்கொண்டு ஆர்ச்சஸ் பார்க்குக்குப் போய், மத்தியானம் சாப்பிட வந்தார்கள். வீடு நிறுத்திய இடத்திலேயே நின்றது.

“பின்னால் ஒரு காரைக் கட்டி இழுத்தால் போச்சு” என்பார் கணவர். எந்தக் காரை? நான்கு சக்கரமும் தரையில் உருள இழுப்பதற்கு எல்லாக் கார்களும் தோதுப்படாது. ஜீப் ராங்லர் தாங்கும். எங்கள் சியன்னாவை அப்படி இழுத்தால் கியர் பெட்டி போய்விடும். ஆக, பஸ்ஸோடு ஒரு ஜீப்பும் வாங்க வேண்டும். ஃபிஃப்த் வீலுக்கு டிரக் வாங்குவது பெரிய செலவு என்று சொல்லும்போது மட்டும் அவருக்கு இந்தக் கணக்கு மறந்துவிடும்.

எனக்கு இதைவிட முக்கியம், வண்டி ஓடும்போது பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள் என்பது. நான்கு கதவு டிரக்கில் அவர்கள் காரில் உட்காருவது போலவே பின் இருக்கையில் பெல்ட்டோடு உட்காரலாம். மோட்டார்ஹோமில் சாப்பாட்டு மேசை பெஞ்சோ சோபாவோதான் இருக்கை. சோபா பக்கவாட்டில் பார்ப்பது. பிள்ளைகளுக்கான இருக்கையை அதில் பொருத்தக்கூடாது. மேசை பெஞ்சிலும் பெல்ட் இருக்கும்தான், ஆனால் அதன் அடியில் பெரும்பாலும் மரச் சட்டம். கார் இருக்கைக்குள்ள மோதல் சோதனைகள் இதற்குக் கட்டாயமில்லை. விடுமுறைக்கு ஒரு வாரம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். வருஷம் முழுக்க ஓடுவதற்கு எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் ரிப்பேர். பஸ்ஸின் எஞ்சின் படுத்தால் வீடே ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடும், நான்கு பேரும் ஓட்டலுக்கு. டிரக் படுத்தால் வீடு கேம்ப்கிரவுண்டில் இருக்கும், வேறு டிரக் வாடகைக்கு எடுக்கலாம். வீட்டுப் பகுதியில் கூரை ஒழுகினால் இரண்டிலும் ஓட்டல்தான், அதை மறைக்கவில்லை. 2021-ல் மட்டும் ஆறு லட்சம் ஆர்.வி.கள் தயாராகிப் போயின, அதுவரை காணாத எண்ணிக்கை. பெரும்பாலானவை இண்டியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் கட்டியவை. அந்த அவசரக் காலத்து வண்டியைப் பழையதாக வாங்குவதானால் ஆளை வைத்துச் சோதித்துவிட்டு வாங்குங்கள். புதியது வாங்கினால் உத்தரவாதப் பத்திரத்தை முழுக்கப் படியுங்கள். நிரந்தரமாகக் குடியிருந்தால் உத்தரவாதம் செல்லாது என்று பல கம்பெனிகள் உள்ளே எழுதி வைத்திருக்கின்றன. காப்பீடும் அப்படித்தான், முழுநேரக் குடியிருப்புக்கென்றே தனிப் பாலிசி உண்டு.

ஃபிஃப்த் வீலின் குறையும் சொல்லியாக வேண்டும். அதன் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு நேராக டிரக்கின் மேல் இறங்கும். 14,000 பவுண்டு வீடு என்றால் 2,800 பவுண்டு. அதோடு நாம் நால்வர், கொக்கி, கருவிப்பெட்டி. ஓட்டுநர் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எவ்வளவு ஏற்றலாம் என்று இருக்கும். ‘அரை டன்’ என்ற வகைப் பெயரில் விற்கும் சாதாரண டிரக்குகள் பலவற்றில் அது 2,000 பவுண்டைக்கூடத் தொடாது. “தாராளமா இழுக்கும் சார்” என்று எங்களிடம் சொன்ன விற்பனையாளர் அந்தக் கதவைத் திறக்கவே இல்லை. இழுப்பது வேறு, சுமப்பது வேறு. கடைசியில் ‘ஒரு டன்’ என்னும் பெரிய வகை டிரக்கில்தான் வந்து நிற்கும். அதன் நீளம் இன்னொரு வம்பு. கிளேசியர் பூங்காவின் கோயிங்-டு-தி-சன் சாலையின் மலைப் பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதி இல்லை. நான்கு கதவும் நீளத் தொட்டியும் உள்ள ஒரு டன் டிரக், வீட்டைக் கழற்றிவிட்டுத் தனியாகப் போனாலும் அந்த அளவுக்குள் அடங்காது.

எரிபொருள் செலவு இரண்டிலும் பெரிய வித்தியாசம் காட்டப்போவதில்லை. பஸ் காலனுக்கு ஏழெட்டு மைல், வீட்டை இழுக்கும் டிரக் பத்து மைல். மாதம் இரண்டு தடவை இடம் மாறுபவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. இரண்டு நாளைக்கு ஒரு ஊர் என்று ஓடுபவர்களுக்கு நான் கிளாஸ் சி-யைத்தான் சொல்வேன்.

மின்சாரத்தில், 50 ஆம்ப் இணைப்பு உள்ளதையே பாருங்கள். 30 ஆம்ப் வண்டியில் ஏசியும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஓடும்போது மைக்ரோவேவைப் போட்டால் ப்ரேக்கர் விழும். கிரைண்டருக்குப் பயப்பட வேண்டாம், அது குடிக்கும் மின்சாரம் கொஞ்சம்தான்.

நிரந்தர முகவரிக்கு டெக்சாஸ், ஃப்ளோரிடா, சவுத் டகோட்டா மூன்றும்தான் எல்லோரும் சொல்வது. மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை. பிள்ளைகள் படிப்பு என்று பார்த்தால் டெக்சாஸில் வீட்டுக்கல்விக்கு மாநில அரசிடம் பதிவு செய்யத் தேவையில்லை. ஃப்ளோரிடாவில் கடிதம் கொடுத்து வருஷா வருஷம் மதிப்பீடு காட்ட வேண்டும். நாங்கள் டெக்சாஸிலேயே இருந்துகொள்கிறோம். ஒரே தொந்தரவு: டிரக்கும் வீடும் சேர்ந்து 26,000 பவுண்டைத் தாண்டினால் இங்கே வேறு வகை லைசென்ஸ் எடுக்க வேண்டும். கனமான டீசல் பஸ்ஸுக்கும் அதே கதைதான், அதனால் இதில் இருவருக்கும் சமநிலை.

கணவரின் வாதத்தில் நான் பதில் சொல்ல முடியாதது ஒன்று உண்டு. நடுராத்திரி புயல் எச்சரிக்கை வந்தால் பஸ்ஸில் படுக்கையிலிருந்து எழுந்து நேரே ஸ்டியரிங்குக்குப் போய்விடலாம். ஃபிஃப்த் வீலில் மழையில் இறங்கி, வீட்டைத் தாங்கும் இரும்புக் கால்களைத் தூக்கி, கொக்கியை மாட்டி, ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப முடியும்.

போன சனிக்கிழமை டீலரிடம் இரண்டு வண்டியிலும் ஸ்லைடுகளை உள்ளே இழுக்கச் சொன்னேன், வழியில் நிறுத்திச் சாப்பிட முடியுமா என்று பார்ப்பதற்கு. கணவருடைய பஸ்ஸில் ஃப்ரிட்ஜ் கதவு ஒரு சாண்தான் திறந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் என் ஃபிஃப்த் வீலுக்குள் ஏறினேன். அதில் ஃப்ரிட்ஜ் வரை போகவே வழியில்லை.