வயர்லெஸ், கேட் 6, கேஎன்எக்ஸ்: வீடு கட்டும்போதே சுவருக்குள் எதை விடுவது?

ஸ்மார்ட் ஹோம் என்றதும் எந்தக் கம்பெனி ஸ்விட்ச், எந்த ஆப் என்றுதான் பேச்சு ஓடுகிறது. அதையெல்லாம் கிரகப்பிரவேசத்துக்கு ஒரு மாதம் முன்புகூட முடிவு செய்துகொள்ளலாம். பைப்பை அப்படித் தள்ளிப்போட முடியாது. சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டிய பிறகு, காங்கிரீட் போடுவதற்குள் எலக்ட்ரீஷியனுக்குக் கிடைப்பது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். ஃபேன் பாக்ஸும் லைட் பைப்பும் மட்டும் போட்டுவிட்டு அவர் இறங்கிவிட்டால், பிற்பாடு சீலிங்கில் ஒரு வைஃபை பெட்டி வைக்க ஃபால்ஸ் சீலிங்தான் கதி. ஆகவே இந்த அலசல் முழுக்கச் சுவருக்குள்ளும் ரூஃபுக்குள்ளும் போவதைப் பற்றியது.

கணக்குக்காக, சென்னையில் ஒரு கிரவுண்ட் மனை, அதாவது 2,400 சதுர அடியில், கீழும் மேலுமாக மூன்று படுக்கையறை தனிவீடு என்று வைத்துக்கொள்வோம். முன்னால் இருப்பவை மூன்று வழிகள்: வழக்கமான வயரிங் செய்துவிட்டு எல்லாவற்றையும் வயர்லெஸ்ஸில் ஓட்டுவது, ஒரே இடத்தில் ரேக் (ரௌட்டர் போன்ற கருவிகளை அடுக்கும் சட்டம்) வைத்து ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் தனி கேட் 6 நெட்வொர்க் கேபிள் இழுப்பது, ஸ்விட்சிலிருந்து லைட் வரை கேஎன்எக்ஸ் பஸ் வயரிங், அதாவது ஸ்விட்சுகள் ஒரு பொதுக் கேபிளில் கட்டளை மட்டும் அனுப்பும் முறை.

வயர்லெஸ்: மலிவு, ஆனால் நியூட்ரல் கேட்கும்

ஸ்விட்ச் பெட்டிக்குள் ரிலே மாட்யூல் (வயர்லெஸ் கட்டளைப்படி லைட்டை ஆன் ஆஃப் செய்யும் சிறு கருவி) வைப்பதோ, டச் ஸ்விட்ச் மாட்டுவதோ, இரண்டுக்கும் பொதுவாக நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பும் வயர், வேண்டும். நம் ஊரில் ஸ்விட்ச் போர்டிலேயே பிளக் பாயிண்ட்டும் இருப்பதால் பெரும்பாலான பெட்டிகளில் அது தானாகவே வந்துவிடும். இல்லாமல் போவது படிக்கட்டு டூ-வே (ஒரே லைட்டுக்கு இரண்டு இடத்தில் ஸ்விட்ச்), கட்டில் பக்கத்து டூ-வே, பாத்ரூம் வாசலில் உள்ள தனி ஸ்விட்ச் ஆகிய இடங்களில். நியூட்ரல் தேவைப்படாத மாட்யூல்களும் விற்கின்றன. அவை பல்பு வழியாகவே கொஞ்சம் கரண்ட்டைக் கசியவிட்டு வேலை செய்பவை. சிறிய எல்இடி பல்பு என்றால் அணைத்த பிறகும் மங்கலாக எரியும், அல்லது மினுக்கும். எல்லாப் பெட்டிக்கும் நியூட்ரல் விடச் சொல்லிவிட்டால் அந்தத் தொல்லையே வராது.

அடுத்தது பெட்டியின் அளவு. 6 மாட்யூல் போதும் என்ற இடத்தில் 8 மாட்யூல் பெட்டியாகப் பதியுங்கள். மீதி இரண்டில் வெற்றுத் தகடு இருக்கட்டும். ரிலே பின்னால் உட்கார இடம் இல்லாமல் வயரை அழுத்தி மூடினால், கனெக்டர் தளர்ந்து சூடேறுவது அங்கேதான். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பெட்டி ரேடியோ சிக்னலையும் ஓரளவு அடைக்கும் என்பதால், இந்த வழியில் போகிறவர்களுக்கு பிவிசி பெட்டி நல்லது. பிஎல்டிசி ஃபேன் (எலக்ட்ரானிக் கட்டுப்பாடுள்ள மோட்டார் கொண்டது) வாங்கப்போகிறீர்கள் என்றால் ரெகுலேட்டரோ டிம்மரோ நடுவில் வரக்கூடாது, நேர் சப்ளைதான். இதை ஸ்விட்ச் லிஸ்ட் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

வயர்லெஸ்ஸின் உண்மையான பலவீனம் ஸ்விட்சில் இல்லை, வீட்டு அமைப்பில் இருக்கிறது. ரூஃப் காங்கிரீட்டும் அதற்குள் இருக்கும் கம்பியும் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை நன்றாகவே விழுங்கும். கீழே ரௌட்டர் இருந்தால் மேல்மாடி படுக்கையறையில் கிடைப்பது மிச்சம் மீதிதான். சிக்னலை வாங்கி மறுபடி பரப்பும் மெஷ் பெட்டி வைக்கலாம். ஆனால் அது வாங்கவும் கொடுக்கவும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தினால் வேகம் பாதியாகும். போதாக்குறைக்கு, சில ஸ்மார்ட் கருவிகள் பேசிக்கொள்ளும் ஜிக்பி ரேடியோவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே இடத்தில் நெரிகின்றன. முப்பது நாற்பது வைஃபை ஸ்விட்சும் பல்பும் சேர்ந்து, இன்டர்நெட் கம்பெனி இலவசமாகக் கொடுத்த ரௌட்டரில் தொங்கினால், அது திணறத்தான் செய்யும்.

கேட் 6: பெரும்பாலோருக்கு இதுவே சரி

இந்த வழியில் ஸ்விட்சுகள் வயர்லெஸ்ஸாகவே இருக்கட்டும். நகராமல் ஒரே இடத்தில் இருக்கும் டிவி, கேமரா, வைஃபை ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை பரப்பும் பெட்டி), வீடியோ டோர் போன் ஆகியவற்றுக்கு மட்டும் வயர். நம் மாதிரி வீட்டுக்கு எண்ணிப் பார்த்தால்: இரண்டு டிவி இடங்களுக்குத் தலா 2, வேலை மேசை இரண்டுக்குத் தலா 2, சீலிங் ஆக்சஸ் பாயிண்ட் தளத்துக்கு ஒன்றும் மொட்டைமாடிக்கு ஒன்றும், கேமரா 6, டோர் போனுக்கு வெளியே ஒன்று உள்ளே ஒன்று, சோலார் இன்வெர்ட்டர் பக்கம் 1, மெயின் டிபி (மின் விநியோகப் பெட்டி) பக்கம் 1. மொத்தம் 21 லைன். சராசரி 15 மீட்டர் என்றால் 315 மீட்டர். கேபிள் பெட்டி 305 மீட்டர். இதற்கு மேல் ரேக் முனையில் லைனுக்கு 2 மீட்டர், பாயிண்ட் முனையில் ஒரு முழம் விட வேண்டும். ஆக இரண்டு பெட்டி வாங்குங்கள். ஒரு பெட்டியில் இழுத்துப் பிடித்து முடிக்கப் பார்த்தால் நடுவில் ஜாயிண்ட் விழும். டேட்டா கேபிளில் ஜாயிண்ட் என்பதே கூடாது.

வாங்கும்போது முழுச் செம்பா என்று பாருங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய சிசிஏ கேபிள் பாதி விலைக்கும் கிடைக்கும். பிளேடால் ஒரு இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். பெட்டியும் தூக்கும்போதே லேசாக இருக்கும். அதற்கு மின்தடை அதிகம், பஞ்ச் செய்யும்போது, அதாவது சாக்கெட்டில் அழுத்திப் பொருத்தும்போது, இழை ஒடியும். முக்கியமாக, டேட்டா கேபிளிலேயே கரண்ட்டும் அனுப்பும் பிஓஇ முறையில் கேமராவுக்குப் போகும் கரண்ட் வழியிலேயே வெப்பமாகக் கரையும். பகலில் ஓடுகிற கேமரா இரவில் மட்டும் நின்று நின்று வருகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

கேட் 6ஏ வேண்டுமா என்றால், இந்த வீட்டுக்கு வேண்டாம். கேட் 6 ஒரு கிகாபிட்டை 100 மீட்டர் வரையும், 10 கிகாபிட்டை நல்ல நிலையில் 55 மீட்டர் வரையும் கொண்டுபோகும். தனிவீட்டில் 40 மீட்டரைத் தாண்டும் லைனே அபூர்வம். 6ஏ தடிமனாக இருப்பதால் பைப் சீக்கிரம் நிரம்பும், வளைக்கவும் மல்லுக்கட்ட வேண்டும். மிச்சமாகும் பணத்தை 25 மில்லிமீட்டர் பைப்பில் போடுங்கள்.

20 மி.மீ.க்கும் 25 மி.மீ.க்கும் விலை வித்தியாசம் சொற்பம், கொள்ளளவில் வித்தியாசம் பெரிது. கேபிள்கள் பைப்பின் உட்பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் அடைக்கக்கூடாது. சுமார் 6 மி.மீ. தடிமனுள்ள கேட் 6 என்றால் 20 மி.மீ. பைப்பில் இரண்டு, 25இல் நான்கு. கரண்ட் பைப்பும் டேட்டா பைப்பும் தனித்தனி. இணையாக ஓடினால் ஓர் அடி தள்ளி, குறுக்கிட்டால் நேர் செங்கோணத்தில். 230 வோல்ட் இருக்கும் பெட்டிக்குள் டேட்டா கேபிளை நுழைக்கவே வேண்டாம். எல்போ போடாமல் பெரிய பெண்ட் போடச் சொல்லுங்கள். இரண்டு பெண்ட்டுக்கு மேல் போனால் நடுவில் ஓர் இழுப்புப் பெட்டி. பதினோரு கிலோ விசைக்கு மேல் இழுத்தாலே உள்ளே இழை ஜோடிகளின் முறுக்கு கலைந்துவிடும். இரண்டு ஆள் சேர்ந்து தம் கட்டி இழுத்த கேபிளில் வேகத்தை எதிர்பார்க்க முடியாது.

ரூஃபில் பைப் அடைபடுவதுதான் அதிகம் நடப்பது. கப்ளரில் சொல்யூஷன் தடவாமல் செருகியிருப்பார்கள். வைப்ரேட்டர் ஊசி பட்டதும் அது கழன்றுகொள்ளும், சிமெண்ட் பால் உள்ளே இறங்கி இறுகும். சீலிங் பெட்டிகளுக்குள் தெர்மோகோல் அடைத்து டேப் ஒட்டியிருக்கிறார்களா, பைப் கீழ்க்கம்பிக்கு மேலே கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய லைட் ரகப் பைப் கொத்தனார் மிதித்தாலே நசுங்கும். ரூஃபுக்கு மீடியம் ரகமாவது வேண்டும். சென்ட்ரிங் பிரித்த மறுநாளே எல்லாப் பைப்பிலும் ஸ்பிரிங் விட்டுப் பார்த்துவிடுங்கள். அடைப்பு அப்போது தெரிந்தால் மாற்று வழிக்குச் சுவரில் காடி வெட்டலாம், பூச்சு முடிந்த பிறகு தெரிந்தால் அழகு போய்விடும். நீராற்றும் நாட்களில் பைப்பில் தண்ணீர் நிற்கும் என்பதால், கேபிளைப் பூச்சு காய்ந்த பிறகே இழுக்க வேண்டும்.

கேமரா: 3+1 கேபிளா, பிஓஇயா?

கடைக்காரர்கள் இன்னமும் 3+1 கேபிளும் (படத்துக்கு ஒரு வயர், கரண்ட் முதலியவற்றுக்கு மூன்று மெல்லிய வயர்) டிவிஆர் பதிவுப் பெட்டியும் போடச் சொல்வார்கள். விலை குறைவு, யார் வேண்டுமானாலும் ரிப்பேர் செய்வார்கள். ஆனால் 12 வோல்ட் மெல்லிய வயரில் நீண்ட தூரம் போகையில் வோல்டேஜ் இறங்கும். இருட்டியதும் கேமராவின் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு எரியத் தொடங்கும்போது படம் போய்விடும். அந்தக் கேபிள் வேறு எதற்கும் உதவாது. கேட் 6இல் பிஓஇ சுமார் 48 வோல்ட்டில் போவதால் இந்தப் பிரச்சினை இல்லை. சாதாரண பிஓஇ போர்ட் 15.4 வாட் தரும், வீட்டுக் கேமராவுக்கு அது தாராளம். ஆக்சஸ் பாயிண்ட்டுக்கு 30 வாட் தரும் பிஓஇ பிளஸ் பாருங்கள். பதிவுக்கு, ஒரு கேமரா 4 எம்பிபிஎஸ் என்றால் நாளுக்கு 43 ஜிபி. ஆறு கேமரா, பதினைந்து நாள் வைத்திருக்க 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் சரியாக இருக்கும்.

பேட்டரி வைஃபை கேமராவை வாடகை வீட்டுக்கு விட்டுவிடலாம்.

கேஎன்எக்ஸ்: இன்ஜினியர் டிராயிங் போடும் முன்பே சொல்ல வேண்டியது

இங்கே ஸ்விட்சுக்கு 230 வோல்ட் போகாது. பச்சை நிற இரட்டை இழைக் கேபிளில் 30 வோல்ட் டிசி மட்டும் ஓடும். ஒவ்வொரு லைட்டும் ஃபேனும் கர்ட்டன் மோட்டாரும் தனி வயராக டிபிக்கே திரும்பி வர வேண்டும். ஆன் ஆஃப் செய்யும் ஆக்சுவேட்டர் அங்கேதான் இருக்கும். ஒரு லைனில் வழக்கமாக 64 கருவி, மொத்தக் கேபிள் 1,000 மீட்டர் வரை. ஸ்டாராகவோ கிளையாகவோ இழுக்கலாம், வளையமாக மூடக்கூடாது. வைஃபை இறந்தாலும் ஸ்விட்ச் வேலை செய்யும். ஒரு கம்பெனி மூடினாலும் வேறு கம்பெனிக் கருவி அதே லைனில் பொருந்தும்.

விலை பல மடங்கு என்பது தெரிந்த கதை. தெரியாதது, பின்னால் மனம் மாறினால் திரும்பி வருவது கடினம் என்பது. சாதாரண வயரிங் செய்த வீட்டைச் சுவரை உடைக்காமல் கேஎன்எக்ஸ் பஸ் வயரிங்குக்கு மாற்றுவது கடினம். கேஎன்எக்ஸ் வயரிங் செய்த வீட்டில் சாதாரண ஸ்விட்சுக்குத் திரும்புவதும் அப்படித்தான். பஸ்ஸின் பவர் சப்ளை போனால் வீடு முழுக்க ஸ்விட்ச் செத்துவிடும், எனவே மாற்றுக்கு ஒன்று கையில் இருக்க வேண்டும். இதன் புரோகிராமிங் இடிஎஸ் மென்பொருளில் நடக்கிறது. வேலை முடித்த நிறுவனத்திடம் அந்த புராஜெக்ட் ஃபைலை வாங்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். ஃபைல் இல்லையென்றால் ஒரு ஸ்விட்சை மாற்றக்கூட அவர்களையே அழைக்க வேண்டும், அல்லது எல்லாவற்றையும் புதிதாகப் புரோகிராம் செய்ய வேண்டும்.

ரேக் எங்கே வைப்பது

ஸ்டில்ட் பார்க்கிங்கில் வேண்டாம். 2015 டிசம்பரும் 2023 மிக்ஜாம் புயலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. மொட்டைமாடிப் படிக்கட்டு அறையும் வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் அந்தத் தகிப்பில் ஹார்ட் டிஸ்க் தாங்காது. முதல் தளத்தில், படிக்கட்டுக்குப் பக்கத்தில், காற்றுப்போக்கிக் கதவுள்ள ஓர் அலமாரியில் 9யு (ஒன்பது அடுக்கு உயர) ரேக் சரியாக இருக்கும். அதற்கு இன்வெர்ட்டர் லைனில் தனி பிளக். இன்வெர்ட்டரை யூபிஎஸ் மோடில் வைக்காவிட்டால் ஒவ்வொரு பவர்கட்டுக்கும் ரௌட்டர் மறுபடி பூட் ஆகும். தெருக் கம்பத்திலிருந்து ரேக் வரை ஃபைபருக்கென 25 மி.மீ. காலிப் பைப் ஒன்றும், மொட்டைமாடிக்கு இன்னொன்றும் விடுங்கள். ஃபைபருக்கு அந்தப் பைப் இருந்தால் கனெக்‌ஷன் போட வரும் பையன் ஜன்னல் ஃப்ரேமில் ஓட்டை போட மாட்டார்.

திருவான்மியூர், நீலாங்கரை போல கடலோரத்தில் இருப்பவர்கள் வெளிக் கேமரா கனெக்டரைத் திறந்தவெளியில் தொங்கவிட்டால் ஒரு மழைக்காலத்துக்குள் பச்சை பூத்துவிடும். மூடிய பெட்டிக்குள் வைத்து ஜெல் தடவுங்கள். காம்பவுண்ட் கேட் வரை மண்ணுக்கடியில் போகும் லைனுக்குச் செம்பைவிட ஃபைபர் பத்திரம், இடி மின்னல் அதன் வழியே வீட்டுக்குள் ஏறாது. செம்புதான் என்றால் எர்த் செய்த சர்ஜ் புரொடெக்டர் இரண்டு முனையிலும்.

ஃப்ளாட் வாங்குபவர்களுக்கு இந்தத் தேர்வுகளில் பாதி கிடையாது. ஓஎம்ஆர் பக்கத்து உயரமான கட்டடங்களில் பல, அலுமினிய அச்சில் காங்கிரீட் வார்க்கும் மைவான் முறையில் கட்டியவை. சுவரே காங்கிரீட், காடி வெட்ட அனுமதி கிடையாது, வைஃபையும் ஓர் அறையைத் தாண்டினாலே தள்ளாடும். புக்கிங் செய்யும்போதே ஒவ்வொரு அறைக்கும் டேட்டா பாயிண்ட்டும், டிவி சுவருக்குக் காலிப் பைப்பும், ஹால் சீலிங்கில் ஒரு பெட்டியும் பில்டரிடம் எழுத்தில் கேளுங்கள். மைவான் அச்சில் பெட்டி பதிந்த பிறகு யாராலும் நகர்த்த முடியாது.

தனிவீட்டுக்காரர்கள் பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பை விரித்துப் பிடித்துப் படம் எடுத்து வையுங்கள். ஏசி மாட்ட வருபவர் டிரில்லை எங்கே வைக்கலாம் என்று அது சொல்லும். பட்டி பார்த்து முதல் கோட் அடிக்கும் முன், எல்லா லைனும் இருபுறமும் 568பி எனும் நிற வரிசையில் பஞ்ச் செய்து டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறதா என்று பாருங்கள். அந்தச் சிறு டெஸ்டர் தொடர்பு உண்டா என்று மட்டுமே சொல்லும். ஒரு லேப்டாப்பைச் சொருகி 1 கிகாபிட்டில் இணைகிறதா என்றும் பார்த்துவிட்டு, லைன் எண்ணை இரு முனையிலும் ஒட்டுங்கள்.