ரெண்டு ஃபியட் டிலைட்: முத்தியால்பேட்டை பழசா, மஞ்சக்குப்பம் பளபளப்பா?

நம்ம பக்கம் இப்ப ரெண்டு ஃபியட் 1100 டிலைட் விலைக்கு வந்திருக்கு, ரெண்டும் 1968 மாடல். ஒண்ணு பாண்டி முத்தியால்பேட்டையில, பெயின்ட்கூட மாத்தாம வாங்கின மாதிரியே நிக்குது. இன்னொண்ணு கடலூர் மஞ்சக்குப்பத்துல, முழுசா ரெஸ்டோர் பண்ணது. எதை வாங்கலாம்னு கேட்டுட்டே இருக்காங்க, அதான் ரெண்டையும் பாத்துட்டு எழுதறேன்.

மாடல் தெரியாதவங்களுக்கு: பம்பாய் குர்லாவுல பிரீமியர் கம்பெனி 1964-லேருந்து போட்ட வண்டி, 1089 சிசி, கியர் ஸ்டீயரிங்கோட, முன்னாடி ஒரே நீட்டு சீட்டு. பின்னாடி பத்மினின்னு பேர் மாறி ஊரெல்லாம் ஓடுச்சே, அதேதான்.

பாத்த உடனே மனசு போறது கடலூர் வண்டி மேலதான். குரோம் பம்பர்ல மொகம் தெரியுது, சீட்டு புதுசு, கதவு ஒரே சத்தத்துல சாத்துது. ஆனா துணியில சுத்தின காந்தத்த டிரைவர் கதவுக்குக் கீழ வச்சுப் பாத்தா ஒட்டவே இல்ல, உள்ள பள்ளத்த நிரப்பற பட்டிப் பூச்சு அவ்ளோ இருக்கு. கடலூர்ல நின்ன வண்டின்னா 2011 தானே புயல், 2015 வெள்ளம் அப்ப எங்க இருந்துச்சுன்னு கேக்காம வாங்கக்கூடாது. விக்கறவர்கிட்ட கேட்டேன், “அதெல்லாம் ஒண்ணும் ஆகல சார்”ங்கறார், அவ்ளோதான் பதில். தரையில புது மேட்டு ஒட்டிட்டாங்க, தூக்கியும் பாக்க முடியல.

பாண்டி வண்டிக்கு மேக்கூரை வெளுத்துப்போச்சு, கதவு அடியில உப்புக்காத்து பட்டு துரு கொப்பளிச்சிருக்கு. அது வெளிய தெரியுதுல்ல, அதுதான் எனக்குப் புடிச்சுது. ரப்பர் மேட்டத் தூக்கினா தரைத் தகடு முழுசா இருக்கு. டிரைவர் கதவு ஜன்னல் ஓரத்துல, முழங்கைய வச்சு வச்சு பெயின்ட் தேஞ்சு, கீழ பிரைமர் தெரியுது. இத எந்த டிங்கர் ஷெட்லயும் செஞ்சு குடுக்க மாட்டாங்க.

ஓனர் கதைக்கு வந்தா ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பாண்டியில மொதல்ல ஒரு டாக்டர் புதுசா எடுத்தது, அந்தக் காலத்துல காருக்குப் பதிஞ்சு வச்சுட்டு வருஷக்கணக்கா காத்திருக்கணும். அப்பறம் அவர் மகன், அப்பறம் குடும்பத்துக்குத் தெரிஞ்ச ஒரு வாத்தியார். இப்ப அவர் வீட்டுலதான் விக்கறாங்க. பழைய ஆர்சி புக்கு, இன்ஷூரன்ஸ், சர்வீஸ் பில்லு எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில, பில்லு ஒவ்வொண்ணுலயும் ஓடின தூரம் பேனாவுல எழுதியிருக்கு, அதனால மீட்டர நம்பலாம். கடலூர் வண்டி நாலஞ்சு கை மாறி வந்தது, ஆர்சி டூப்ளிகேட்டு, இன்ஜின் நம்பர் ஒத்துப்போகல. கேட்டா பத்மினி இன்ஜின்னு ஒத்துக்கறார். ஓட்டறதுக்கு அதனால ஒரு கொறையும் இல்ல.

ஆனா பழங்கால வண்டின்னு தனியாப் பதியறதுக்கு 2021-ல வந்த விண்டேஜ் விதிப்படி, 50 வருஷம் தாண்டியிருக்கணும், சேசிஸ், பாடி, இன்ஜின் எதையும் பெருசா மாத்தியிருக்கக்கூடாது. அந்தப் பதிவுக்கு 20,000 ரூபா, 10 வருஷம் செல்லும், பழைய நம்பரையே வச்சுக்கலாம். பாண்டி வண்டிக்கு இது வசதி, கடலூர் வண்டிக்கு இன்ஜின்ல இடிக்கும். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடற ஐடியா இருந்தா விண்டேஜ் பக்கமே போகாதீங்க, வணிகத்துக்கு ஓட்டக்கூடாது.

ஓட்டறதுல கடலூர்தான், சந்தேகமே இல்ல. ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட், பிரேக் ஒரு பக்கம் இழுக்கல, நாளைக்கே ஈசிஆர்ல விடலாம். பாண்டி வண்டிக்கு டயர்ல வெடிப்பு விழுந்திருக்கு, பிரேக் சிலிண்டர் பாக்கணும், பெட்ரோல் ஓஸ் எல்லாம் மாத்தியே ஆகணும், இப்ப வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர அரிச்சுடும்.

நடுவுல ஒருத்தர் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு பாக்கலாமேன்னார். மெட்ராஸ்ல செஞ்ச வண்டி, ஆசை எனக்கும் இருக்கு, ஆனா ஸ்பேர் தேடி அலைய தெம்பு வேணும்.

கடலூர்க்காரர் பாண்டி விலையப்போல ஒண்ணரை மடங்கு கேக்கறார், செலவு பண்ணியிருக்கார், நியாயந்தான். வாரக்கடைசியில குடும்பத்தோட ஓட்ட மட்டும்னா அதையே எடுங்க. என் காசுன்னா பாண்டிதான். ஆனா அந்த டிரங்குப் பெட்டியையும் சேத்துத்தான் விலை பேசுவேன், பெட்டி தர மாட்டோம்னா விலையக் கொறைக்கச் சொல்லுவேன்.